விரலில் ஒட்டும் சாம்பல்

உளுந்துச் செடியின் இலையைப் பெருவிரலால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது விரலோடு வந்துவிட்டால் அது சாம்பல் நோய், அதாவது பூஞ்சை. எத்தனை முறை துடைத்தாலும் இலையில் மஞ்சள் திட்டுத்திட்டாக அப்படியே நின்றால் அது பெரும்பாலும் மஞ்சள் தேமல், அதாவது வைரஸ். முன்னதற்கு வேப்பெண்ணெய் கேட்கும். பின்னதற்கு, இலை மஞ்சளான பிறகு எந்த எண்ணெயும் கேட்காது. அறிவியல் பட்டதாரி ஆசிரியரான எனக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருந்தது. அதன் விலையை என் மாணவன் ஒருவனின் குடும்பம் கொடுத்தது.

எங்கள் குருவிகுளம் வட்டாரம் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கரிசல் காடு. மழையை நம்பிய மானாவாரிதான் அதிகம். புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி என்று விதைப்பார்கள். பொங்கலுக்கு முன்பின் பயறு வீட்டுக்கு வரும். அந்தப் பணத்தை நம்பித்தான் பல வீடுகளில் கடனும் சீரும் பள்ளிக்கூடச் செலவும் இருக்கின்றன.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இடைவேளையில் வந்து, "உளுந்துல நோய் விழுந்துருச்சு டீச்சர். என்ன மருந்து அடிக்கணும்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான். அதற்கு முந்தைய வாரம்தான் 'நுண்ணுயிரிகள்' பாடம் நடத்தியிருந்தேன். பூஞ்சை நோய்களுக்கு வேம்பு நல்லது என்று சொல்லியுமிருந்தேன். இலையைக் கொண்டுவரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. "வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்லு" என்றேன். இரண்டு வாரம் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வயலைப் பார்த்தேன். இரண்டு ஏக்கரும் மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. அவன் அப்பா வரப்பில் நின்றுகொண்டு, "நீங்க சொன்னபடி ரெண்டு தடவ அடிச்சோம் டீச்சர். பரவாயில்ல, இந்த வருசம் நமக்கு இவ்வளவுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். மஞ்சள் தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. செடி சிறிதாக இருக்கும்போதே நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும். வெள்ளை ஈயைக் குறைக்க வேப்பங்கொட்டைச் சாறு ஆரம்பத்தில் உதவும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட ரகங்களில் நோயைத் தாங்குபவை இருக்கின்றன. அவற்றை விதைப்பது இன்னும் நல்லது. ஆனால் நோய் வந்தபின் வைரஸைச் செடிக்குள் புகுந்து கொல்லும் தெளிப்பு எதுவும் இல்லை. "இயற்கை மருந்துன்னா எல்லாத்துக்கும் அடிக்கலாம்னு நினைக்கிறாங்க டீச்சர்" என்றார் அவர். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

வேம்பு உண்மையில் என்ன செய்கிறது?

வேம்பு பூச்சியை விரட்டுவதும் பூஞ்சையைத் தடுப்பதும் இரண்டு வேறு வேலைகள். இதை நாம் வகுப்பில் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள், பூச்சிகள் இலையைத் தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் செய்கிறது. 1962இல் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பிரதான் என்ற பூச்சியியல் அறிஞர், வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்து, வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தும் தின்னாமல் போனதைக் காட்டினார். அது அசாடிராக்டினின் வேலை.

பூஞ்சையைத் தடுப்பதில் பெரும்பங்கு எண்ணெய்க்கு. அசாடிராக்டினைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் வேப்பெண்ணெயையே பூஞ்சைக்கொல்லியாக விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் நோய்ப் பூஞ்சையின் இழைகள் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பிலேயே படர்ந்து, சிறு உறிஞ்சிகளை மட்டும் மேல்தோல் செல்லுக்குள் இறக்கி உணவு எடுக்கின்றன. அதனால்தான் அது விரலோடு வருகிறது. அதனால்தான் இலைமேல் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் அதைத் தொட முடிகிறது. புதிய வித்துகள் முளைப்பதும் தடைபடுகிறது. வேரழுகலும் வாடல் நோயும் அப்படியல்ல. அந்தப் பூஞ்சைகள் மண்ணுக்குள்ளும் தண்டின் குழாய்களுக்குள்ளும் இருக்கின்றன. இலையில் தெளிப்பது அங்கே போய்ச் சேராது. அவற்றுக்கு அடியுரமாக வேப்பம்புண்ணாக்கு, விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மா என்று வேறு வழி. (டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். பூஞ்சையைப் பூஞ்சையால் அடக்குவது என்றதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு மகிழ்ச்சி வரும்.)

உளுந்தின் சாம்பல் நோய்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் தாவர மருந்துகள் மூன்று உண்டு: வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், வேப்பெண்ணெய் 3 சதவீதம், யூக்கலிப்டஸ் இலைச்சாறு 10 சதவீதம். ஏதாவது ஒன்றை நோய் தென்பட்டவுடன் ஒருமுறையும் பத்து நாள் கழித்து மறுமுறையும் தெளிக்க வேண்டும். இங்கே 'தென்பட்டவுடன்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். இவை பெரும்பாலும் வருமுன் காக்கும் மருந்துகள். செடி முழுவதும் வெளுத்த பிறகு அடித்துவிட்டு, இயற்கை மருந்து பயனில்லை என்று சொல்வது நியாயமில்லை. அந்த நிலையில் வேளாண் அலுவலர் நனையும் கந்தகத்தைச் சொன்னால், அதற்கு எதிராகப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

சதவீதக் கணக்கு ஆறாம் வகுப்புக்கே ஒரு நல்ல பாடம். 3 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் கரைசலில் 30 மில்லி எண்ணெய். பத்து லிட்டர் டேங்குக்கு எவ்வளவு, ஏக்கருக்கு இருபது டேங்கு என்றால் எவ்வளவு என்று கேட்டால் விகிதம், அலகு மாற்றம், பெருக்கல் மூன்றும் வந்துவிடும். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதத்துக்கு 5 கிலோ பருப்பைப் பொடித்து, பத்து லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பால்போல் வரும்வரை கலக்கி, துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். வகுப்புக்கு 50 கிராமும் ஒரு லிட்டர் தண்ணீரும் போதும்.

பன்னில் தொடங்கினோம்

அடுத்த கல்வியாண்டில், வயலுக்குப் போவதற்கு முன் வகுப்பறையிலேயே சோதித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். ரொட்டித் துண்டுகளில் வெவ்வேறு சாறுகளை ஐந்தைந்து மில்லி விட்டு, ஒளி ஊடுருவும் உறைகளில் போட்டு ஒட்டி, எதில் முதலில் பூஞ்சை வருகிறது என்று பார்ப்பது. முதல் முறை தோல்வி. ஒரு வாரமாகியும் எதிலுமே பூஞ்சை வரவில்லை. வெறும் தண்ணீர் விட்டதிலும் வரவில்லை! ஒரு மாணவி குப்பைத் தொட்டியில் கிடந்த ரொட்டி உறையை எடுத்துப் படித்துவிட்டு, "டீச்சர், இதுல ஏற்கெனவே மருந்து போட்டிருக்காங்க" என்றாள். கால்சியம் புரோப்பியோனேட், 282 என்ற எண்ணோடு அச்சிட்டிருந்தது. ரொட்டியில் பூஞ்சை வராமலிருக்கச் சேர்க்கும் பொருள். நான் கவனிக்காததை அவள் கவனித்தாள். அந்த வாரம் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் முறை, ஊர் பேக்கரியில் அன்று காலை போட்ட பன் வாங்கினோம். ஐந்து உறைகள்: வெறும் தண்ணீர், நசுக்கிய பச்சைப் பூண்டின் சாறு, முழுப் பல்லாக வேகவைத்த பிறகு அரைத்த பூண்டின் சாறு, வேப்பிலைக் கஷாயம், கிராம்புக் கஷாயம். எது ஜெயிக்கும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டேன். ஏறத்தாழ வகுப்பு முழுவதும் வேப்பிலைக்குத்தான் ஓட்டு.

நான்காம் நாள் வேப்பிலை விட்ட பன்னில் பஞ்சுபோல் வெள்ளை வந்துவிட்டது; தண்ணீர் விட்டதைவிட அரை நாள்தான் தாமதம். வேகவைத்த பூண்டும் கிட்டத்தட்ட அதே கதி. பச்சைப் பூண்டும் கிராம்பும் ஒரு வாரம் தாண்டியும் சுத்தமாக இருந்தன. "ஒரே பூண்டுதானே, ஏன் டீச்சர்?" என்ற கேள்வி வந்தது. முழுப் பூண்டில் அல்லிசின் என்ற பூஞ்சைத் தடுப்பான் இல்லை. பல்லை நசுக்கும்போது அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் ஒன்று சேர்ந்து அதை அந்த நொடியில் உருவாக்குகின்றன. பூண்டு உரிக்கையில் வராத நெடி நசுக்கும்போது வருவது அதனால்தான். வேகவைத்தால் நொதி செத்துவிடும். அதன் பிறகு அரைத்தும் பயனில்லை. நொதிகள் வெப்பத்தில் செயலிழக்கும் என்று பத்து முறை சொல்லியும் பதியாதது, ஒரு பன்னில் பதிந்தது.

வேப்பிலை தோற்றது பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு பையன், "எங்க ஆச்சி பொய்யா சொல்லுவாங்க?" என்று சண்டைக்கே வந்தான். ஆச்சி சொன்னது பொய்யில்லை. நாம் எடுத்தது இலை. எண்ணெய் இருப்பது கொட்டையில். நாம் சோதித்தது பன்னில் வளரும் பூஞ்சை. உளுந்தில் வருவது வேறு பூஞ்சை. ஒன்றில் தோற்றது இன்னொன்றில் ஜெயிக்கலாம். அதை அங்கேயேதான் சோதிக்க வேண்டும் என்றேன். அவனுக்கு முழுத் திருப்தி இல்லை.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். ஒட்டிய உறையைத் திறக்கவே கூடாது. முகர்ந்து பார்ப்பதும் கூடாது. இளைப்பு உள்ள பிள்ளைகளுக்குப் பூஞ்சை வித்துகள் ஆகாது. முடிந்ததும் உறையோடு குழியில் போட்டு மூடிவிடுங்கள். எருக்கு இலைச்சாறு நிலக்கடலை இலைப்புள்ளிக்குச் சொல்லப்படுவதுதான். ஆனாலும் வகுப்பில் அரைக்க நான் விடவில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒன்று ஆபத்தில்லாததாகிவிடாது.

வயலில் நான்கு வரிசை

மார்கழியில் பனி இறங்கியதும் சாம்பல் நோய் வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மாணவி ஒருத்தியின் வீட்டு உளுந்து பள்ளிக்கு மிக அருகில். அவள் ஆச்சியிடம் கேட்டு ஓரத்தில் சில வரிசைகளை வாங்கினோம். "நாலு வரிசதான். அதுக்கு மேல கைவைக்கப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்று மாலை நான்கு மணிக்குத் தொடங்கினோம். முதல் வரிசைக்கு வேப்பெண்ணெய் 3 சதவீதம், இரண்டாவதுக்கு யூக்கலிப்டஸ் இலைச்சாறு 10 சதவீதம், மூன்றாவதுக்கு வெறும் தண்ணீர். நான்காவதை ஒன்றும் செய்யாமல் விட்டோம். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால், முதலில் எண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசலைச் சேர்த்து நன்றாக அடித்துக்கொண்டு, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

'தண்ணீரும் வேண்டும், ஒன்றும் செய்யாததும் வேண்டுமா, இரண்டும் ஒன்றுதானே' என்று நானே யோசித்தேன். வைத்தது நல்லதாயிற்று. பத்து நாள் கழித்து, மறு தெளிப்புக்கு முன், வரிசைக்கு ஐம்பது இலை எண்ணினோம். வேப்பெண்ணெய் வரிசையிலும் யூக்கலிப்டஸ் வரிசையிலும் நோய் கண்ட இலைகள் வெகு குறைவு. ஒன்றும் செய்யாத வரிசையில் பாதிக்கு மேல். வெறும் தண்ணீர் வரிசை இரண்டுக்கும் நடுவில் நின்றது! பெரும்பாலான பூஞ்சைகள் முளைக்க இலையில் ஈரம் வேண்டும். சாம்பல் நோய்ப் பூஞ்சை அந்த விதிக்கு விலக்கு. அதன் வித்துகளுக்கு இலையில் தண்ணீர் நின்றால் ஆகாது, கழுவியும் போய்விடும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் அவற்றுக்குப் போதும். தண்ணீர் வரிசை இல்லாதிருந்தால், தண்ணீரின் வேலையையும் சேர்த்து வேம்பின் கணக்கில் எழுதியிருப்போம்.

ஒரு தவறும் நடந்தது. மறு தெளிப்பன்று நான் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஆர்வத்தில் இரண்டு பேர் மதிய இடைவேளையிலேயே போய், எண்ணெயையும் சோப்பையும் இரண்டு மடங்காக்கி அடித்துவிட்டார்கள். உச்சி வெயிலில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "மருந்துன்னா அளவு வேண்டாமா தாயி" என்று மட்டும் சொன்னார். அந்த இருவரும் நோட்டில், தேதி போட்டு, 'மதியம் 1 மணி, 6 சதவீதம், கருகியது' என்று எழுதினார்கள். எங்கள் நோட்டில் மிகப் பயனுள்ள பதிவு அதுதான் என்பேன்.

ஒரு வயல், ஒரு பருவம், நான்கு வரிசை. இதை வைத்து 'நிரூபித்துவிட்டோம்' என்று சுவரொட்டி எழுதப் பிள்ளைகள் துடித்தார்கள். விடவில்லை. 'எங்கள் வயலில் இப்படி வந்தது' என்று எழுதச் சொன்னேன்.

நோட்டு ஏன்?

எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறேன் என்று வகுப்பில் முணுமுணுப்பு இருந்தது. அப்போதுதான் வேப்பெண்ணெயின் காப்புரிமை வழக்கைச் சொன்னேன். ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், 1994இல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற நிறுவனத்துக்கும் ஒரு காப்புரிமை வழங்கியது. வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைதான் அந்தக் 'கண்டுபிடிப்பு'. நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வேலை! 1995இல் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் குழுவைச் சேர்ந்த மக்டா ஆல்வூட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோர் சேர்ந்து ஆட்சேபித்தனர்.

"எங்க ஊர்ல காலங்காலமா செய்யுறோம்னு சொன்னாப் போதாதா?" என்று கேட்டான் அந்த ஆச்சிப் பையன். நல்ல கேள்வி. பொதுவாகச் சொன்னால் அங்கே போதாது. எந்தப் பொருள், எப்படி எடுத்தது, எந்த ஆண்டு, எங்கே தெளித்தது என்று காட்ட வேண்டும். அபய் பட்கே என்ற இந்தியத் தொழில்துறைக்காரர் மியூனிக்குக்கே சென்று சாட்சி சொன்னார். அந்தக் காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, 1985லும் 1986லும், மகாராஷ்டிர விவசாயிகளின் வயல்களில் வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்த மருந்தைத் தெளித்துக் காட்டிய விவரங்கள் அவரிடம் இருந்தன. 2000ஆம் ஆண்டு மே 10 அன்று காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது. ஏறத்தாழப் பத்தாண்டு ஓடிய வழக்கு. அன்றைக்குப் பிறகு நோட்டைப் பற்றிய முணுமுணுப்பு குறைந்தது. ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆளுக்கொரு நோயுற்ற இலையைக் கொண்டுவரச் சொல்லி, துடைத்தால் போவது, போகாதது என்று இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். சாலையோரச் செடியின் புழுதியும் துடைத்தால் போகுமே என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். புழுதி இலை முழுவதும் படியும். நோய் வட்ட வட்டப் புள்ளியாகத் தொடங்கும். லென்ஸ் இருந்தால் இழைகள்கூடத் தெரியும். முடிந்ததும் கையைக் கழுவ வையுங்கள்.

என் மாணவன் இப்போது பதினொன்றாம் வகுப்பில், வேளாண் அறிவியல் பிரிவில் படிக்கிறான். போன கார்த்திகையில் அவன் அப்பா ஒரு பாலித்தீன் பையில் நான்கு இலைகளைப் போட்டு அவனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவன் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் துடைத்துக் காட்டினான். வெள்ளையாக வந்தது. "சாம்பல்தான் டீச்சர். நேத்துதான் ஆரம்பிச்சிருக்கு. முப்பது மில்லிதானே?" என்றான். அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அடிக்கச் சொன்னேன்.

இந்த ஆண்டு எண்ணெய் வாங்காமல், கொட்டைச் சாற்றைச் சோதிக்கலாம் என்று எட்டாம் வகுப்பு முடிவு செய்திருக்கிறது. கொட்டை மூன்று முதல் எட்டு மாதம் வரை பழையதாக இருப்பது நல்லது என்கிறார்கள். ஆனி, ஆடியில் பள்ளி வேப்பமரத்தடியில் பொறுக்கினால் மார்கழிக்குக் கணக்கு சரியாக வரும். இப்போது வராந்தாவின் நிழலில் இரண்டு சாக்கு நிறைய வேப்பமுத்து காய்கிறது. ஈரம் பட்டால் அதிலேயே பூஞ்சை வந்துவிடும் என்று, மழை வந்தால் உள்ளே இழுத்துப்போட இருவருக்கு முறை போட்டிருக்கிறோம்.